மூன்று திட்டங்கள், மூன்று தளங்கள், யார் கையிலோ சாவி: ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

சொற்கிடங்கு · ஞாயிறு, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஏழு பேர். சொல்திருத்தி, விசைப்பலகை, அகராதி என்று மூன்று கட்டற்ற மென்பொருள்களைப் பல வருடமாகப் பராமரித்து வருகிறோம். நிரல் ஒழுங்காக இருக்கிறது. தளங்கள்தான் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. அகராதி ஒரு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஓடுகிறது, மாதக் கட்டணம் என் கார்டிலிருந்து போகிறது. சொல்திருத்திக்கு ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு வேர்ட்பிரஸ் தளம். விசைப்பலகை கிட்ஹப் பேஜஸில், அதாவது நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் தரும் இலவசப் பக்கத்தில்.

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஆசிரியை மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வகுப்பில் பெரிய திரையில் எங்கள் சொல்திருத்தியைத் திறந்திருக்கிறார், ஆன்லைன் ரம்மி விளம்பரம் வந்திருக்கிறது. பார்த்தால் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதைப் பதிவுசெய்த நண்பர் அப்போது மாணவர். கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருக்கிறார். படிப்பு முடிந்ததும் அந்த முகவரியை மூடிவிட்டார்கள். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அங்கேயே போய் விழுந்திருக்கின்றன. பணம் கட்டிய பழைய ரசீது அவரிடம் இருந்ததால் நான்கு நாள் அலைச்சலில் மீட்டுவிட்டோம். அந்த ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியபோது எனக்குக் கை ஓடவில்லை.

இனி மூன்றையும் ஒரே டொமைன், ஒரே சர்வர், ஒரே பேக்கப் என்று கொண்டுவர நினைக்கிறோம். இதைச் செய்து பார்த்தவர்கள் எங்கே அடிபட்டீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

சிக்கனம் · ஞாயிறு, இரவு 10:15

சர்வரே எதற்கு? மூன்றையும் கிட்ஹப்பில் போட்டுவிடுங்கள். ரெப்போ (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு), வழுப் பதிவு, தளம், சிஐ (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் வசதி) எல்லாம் அங்கேயே இலவசம். ஏழு பேரில் எத்தனை பேருக்கு லினக்ஸ் சர்வர் பராமரிக்கத் தெரியும்? தெரிந்தவருக்கும் குடும்பம், வேலை இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு டிஸ்க் நிரம்பினால் யார் எழுந்து பார்ப்பது?

நள்ளிரவு_ஷிஃப்ட் · திங்கள், காலை 1:20

சிக்கனம் சொல்வதில் பாதி சரி. கிட்ஹப் போன்ற கிட்லேப்பை ஏழு பேர் சேர்ந்து சொந்த சர்வரில் நிறுவ வேண்டாம். நான் பிழைப்புக்குச் செய்கிற வேலையே அதுதான், அதனால் தயங்காமல் சொல்கிறேன். அதை நிறுவ ஒரு மணி நேரம் போதும். அதன் பிறகு மாதா மாதம் வருகிற பாதுகாப்புப் புதுப்பிப்புகளை விடாமல் போட ஓர் ஆள் வேண்டும், வருடக்கணக்கில்.

ஆனால் பேக்கப் விஷயத்தில், லினக்ஸ் மேசைக்கணினிச் சூழலை உருவாக்கும் கேடிஇ திட்டத்துக்கு 2013 மார்ச்சில் நடந்ததை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது அவர்களிடம் 1500க்கும் மேற்பட்ட கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) ரெப்போக்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே சர்வர். அதிலிருந்து உலகின் பல இடங்களில் உள்ள மிரர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிரதி எடுத்துக்கொள்ளும். ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்புக்காக அந்த சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பியபோது கோப்பு முறைமை சிதைந்திருந்தது. எந்தெந்த ரெப்போக்கள் உண்டு என்கிற பட்டியலும் சிதைந்துபோனது. மிரர்கள் அந்தப் பட்டியலை அப்படியே நம்பின. பட்டியலில் இல்லாதவை நீக்கப்பட்டவை என்று எடுத்துக்கொண்டு தங்களிடம் இருந்த நல்ல பிரதிகளையும் அழித்தன. கிட் ஒவ்வொன்றையும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வைத்துச் சரிபார்த்துவிடும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். மிரர் எடுக்கும் முறையில் அந்தச் சோதனை முழுதாக நடப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காகப் புதிதாக அமைத்துக்கொண்டிருந்த ஒரு சர்வர். அதில் மட்டும் முழுப் பிரதி அழியாமல் இருந்தது. அந்த சர்வரை அமைக்க இன்னும் சில நாள் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மிரர் வேறு, பேக்கப் வேறு என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தச் சம்பவம்தான். மிரர் இன்றைய நிலையைக் காட்டும், இன்றைய அழிவையும் சேர்த்து. பேக்கப் என்றால் நேற்றைய நிலையும் போன மாத நிலையும் தனித்தனியாக, மூல சர்வரால் தொட முடியாத இடத்தில் இருக்க வேண்டும். நீங்கள் எழுதுகிற ஸ்கிரிப்ட் எதுவானாலும் ஒரு நிபந்தனை வையுங்கள்: நூறு கோப்பு இருந்த இடத்தில் திடீரெனப் பத்து மட்டும் தெரிந்தால் எதையும் அழிக்காமல் நின்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

டொமைன் பற்றியும் ஒரு வார்த்தை. டாட் ஆர்க், டாட் காம் போன்றவை காலாவதியானால் பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் (டொமைன் விற்பவர்கள்) சில வாரம் பழைய விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனிக் கட்டணம், அது அதிகம். அதன் பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நீங்கள் ஒன்பதாம் நாளே கண்டுபிடித்ததால் தப்பித்தீர்கள். ஒரே தடவையில் 10 வருடம் வரைக்கும் கட்டலாம். ஏழு பேர் பங்கு போட்டால் பெரிய தொகை இல்லை, இந்த வாரமே கட்டிவிடுங்கள்.

எழுத்துருக்காரன் · திங்கள், காலை 7:05

டொமைன் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

எங்கள் எழுத்துருத் திட்டத்தின் டொமைன், சர்வர், மின்னஞ்சல் மூன்றும் ஒரே அண்ணனிடம் இருந்தன. யாரும் அப்படித் திட்டமிடவில்லை. அவர்தான் முதலில் வந்தவர், அவர்தான் பணம் கட்டினார், கேட்டால் உடனே செய்து கொடுப்பார். 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். நாங்கள் யாரும் அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து சர்வர் கட்டணம் நின்று தளம் இருண்டது. எங்களில் ஒருவருக்கும் அண்ணியிடம் பேசத் தைரியம் இல்லை. கடைசியில் நான் போனேன். அவர் எதுவும் கேட்காமல் அண்ணனுடைய போனை சார்ஜரில் போட்டுக் கொடுத்தார். மூன்று மாதமாக ரீசார்ஜ் செய்யாத சிம், ஓடிபி வரவில்லை. தெருமுனைக் கடைக்குப் போய் ரீசார்ஜ் செய்துகொண்டு வந்தோம். பிறகு அவரே அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். பால் கணக்கு எழுதிய நோட்டு. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எங்கள் திட்டத்தின் பெயர், அதன் கீழே பாஸ்வேர்டு. "இந்தப் பேரை ராத்திரியெல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பாருங்க" என்றார்.

அன்றைக்கு டொமைனை மாற்றி வாங்கிவிட்டோம். ஆனால் அந்த வீட்டில் அந்த நிலையில் போய் பாஸ்வேர்டு கேட்க வேண்டிய நிலைமையை நாங்களேதான் உண்டாக்கி வைத்திருந்தோம். இரண்டாவது ஆளிடம் ஒரு சாவி இருந்திருந்தால் நான் அவரிடம் துக்கம் மட்டும் விசாரித்துவிட்டு வந்திருப்பேன்.

சொற்கிடங்கு, உங்கள் ஏழு பேரில் எந்த ஒருவர் நாளைக்கு இல்லாமல் போனாலும் மீதி ஆறு பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் வேலையைத் தொடர முடியுமா? முதலில் அதைப் பாருங்கள். எந்த சர்வர் என்பது பிறகு.

சொற்கிடங்கு · திங்கள், காலை 8:50

படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நன்றி அண்ணா. உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இப்போதைக்கு "முடியாது" என்பதுதான்.

இன்னொரு விஷயம். ஒரு நிறுவனம் எங்களுக்கு ஒரு சர்வரை இலவசமாகத் தருவதாகச் சொல்கிறது. நல்ல மனதோடுதான் தருகிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

யாழ்_நிரல் · திங்கள், மதியம் 12:30

வாங்கலாம். ஆனால் அது நின்றுபோகும் நாளை முதல் நாளே யோசித்துவிட்டு வாங்குங்கள்.

ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. லினக்ஸ் மேசைக்கணினியில் படம் தெரிவதற்கும் ஒலி கேட்பதற்கும் அடியில் இருக்கிற மீசா, வேலண்ட், எக்ஸ் ஆர்க், பைப்வயர் எல்லாம் அந்த ஒரே கூரைக்குக் கீழேதான். 2018இல் கிட்லேப்புக்கு வந்தார்கள். சிஐ வசதியாகக் கிடைத்ததும் எல்லாத் திட்டங்களும் அதை நன்றாகப் பயன்படுத்தத் தொடங்கின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பல வன்பொருள்களில் சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் பெரிய கண்டெய்னர் இமேஜ் (சோதனைச் சூழலின் பொதி) இறக்கம். கிளவுடில் உள்ளே வருகிற தரவுக்குப் பெரும்பாலும் காசில்லை, வெளியே போகிற ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் உண்டு. 2020 பிப்ரவரியில், இந்தச் செலவைக் கட்டிவந்த எக்ஸ் ஆர்க் அறக்கட்டளை கணக்குப் பார்த்தபோது அந்த வருடச் செலவு சுமார் 75,000 டாலர் என்று வந்தது. அவர்கள் கையில் இருந்த பணத்துக்கு அது தாங்காது, சிஐயை நிறுத்த நேரிடலாம் என்று பகிரங்கமாக எழுதினார்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் அந்தக் கூரைக்கு ஒரு விலை உண்டென்று யோசித்திருப்பார்கள்.

பிறகு ஈக்வினிக்ஸ் நிறுவனத்தின் ஈக்வினிக்ஸ் மெட்டல் என்ற சர்வர் வாடகைச் சேவை இலவசமாக சர்வர்கள் தந்தது, சில வருடம் நன்றாக ஓடியது. அந்த நிறுவனம் அந்தச் சேவையையே மூடுவதென்று முடிவெடுத்ததும், 2025 ஏப்ரல் முடிவதற்குள் ஃப்ரீடெஸ்க்டாப் இடம் மாற வேண்டியதாயிற்று. ஆல்பைன் லினக்ஸுக்கும் அதே நிலை. ஒரே கொடையாளியை நம்பியிருந்த இரண்டு பெரிய திட்டங்கள், ஒரே நேரத்தில் வீடு தேடின. ஃப்ரீடெஸ்க்டாப் இந்தத் தடவை கட்டணம் கட்டி ஹெட்ஸ்னர் நிறுவனத்தின் சர்வர்களுக்கு மாறிக்கொண்டது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். காசு கட்டினால் மாதம் எவ்வளவு ஆகிறது என்பது கண்முன்னே இருக்கும்.

அதே வருடம் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் சோர்ஸ் லேப், 2003 முதல் எத்தனையோ திட்டங்களுக்கு சர்வர் இடம் தந்துவருகிற இடம், இரண்டரை லட்சம் டாலர் கிடைக்காவிட்டால் மூட வேண்டியிருக்கும் என்று அறிவித்தது. நல்லவேளை, கொடையாளர்கள் முன்வந்தார்கள்.

எனவே அந்த நிறுவனத்திடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுத்துவதானால் எத்தனை மாதம் முன்பே சொல்வீர்கள்? டொமைனும் டிஎன்எஸ்ஸும் (டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்ற பதிவு) எங்கள் கையில்தான் இருக்கும், சம்மதமா? இரண்டாவதற்குத் தயங்கினால் வேண்டாம்.

இன்னொன்று, அகராதித் தளம் என்பதால் சொல்கிறேன். 2025 தொடக்கத்திலிருந்து ஏஐ நிறுவனங்களுக்குத் தரவு திரட்டும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) திறமூலத் தளங்களைப் படாதபாடு படுத்துகின்றன. கேடிஇயின் கிட்லேப்பும், அதே போன்ற இன்னொரு மேசைக்கணினித் திட்டமான க்னோமின் கிட்லேப்பும் திணறின. ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரலில் பதிவான மாற்றம்) ஒவ்வொரு கோப்புக்கும் தனிப் பக்கம் உருவாகிற தளத்தில் பாட் நுழைந்தால் முடிவே இல்லாமல் சுற்றும். க்னோம் அனுபிஸ் என்கிற காவல் மென்பொருளை வைத்தது. அது உலாவியை ஒரு சின்னக் கணக்குப் போடச் சொல்லி, போட்டால்தான் உள்ளே விடும். இரண்டரை மணி நேரத்தில் வந்த 81,000 கோரிக்கைகளில் 3 சதவீதம்தான் அதைத் தாண்டின. உங்கள் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் இருக்கும் அல்லவா? சின்ன விபிஎஸ் என்றால் இதை இப்போதே யோசியுங்கள்.

மொழிபெயர்க்கிறவள் · திங்கள், மாலை 6:10

எனக்கு சர்வர் பற்றி எதுவும் தெரியாது. மொழிபெயர்ப்பு மட்டும் செய்கிறேன். ஆனால் "எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு பயம் வரும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

கேடிஇயின் நிரல் எப்போதோ கிட்டுக்குப் போய்விட்டது, 2020இல் கிட்லேப்புக்கும் மாறியது. ஆனால் மொழிபெயர்ப்புகளை அவர்கள் சப்வெர்ஷன் என்ற பழைய மென்பொருளிலேயே வைத்துக்கொண்டார்கள். நிரலாளர்கள் சிலர் இதைப் பழமை என்பார்கள். எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். தமிழ் என்று ஒரே ஒரு கோப்புறை. அதை இறக்கினால் நூற்றுக்கணக்கான செயலிகளின் சரங்கள் (திரையில் தெரியும் சொற்றொடர்கள்) அத்தனையும் என் மடிக்கணினியில். ஒரு ஸ்கிரிப்ட் தினமும் நிரலிலிருந்து புதுச் சரங்களை எடுத்து அங்கே போட்டுவிடும், நாங்கள் மொழிபெயர்த்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டுபோய்ச் சேர்க்கும். நான் கிளை, இணைப்பு, மோதல் என்று எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அதையெல்லாம் ஒவ்வொரு செயலியின் ரெப்போவிலும் போய்ச் செய் என்று சொல்லியிருந்தால் நான் இரண்டாம் வாரமே விட்டிருப்பேன்.

வேறொரு திட்டத்தில், பெயர் வேண்டாம், ஒரு சனிக்கிழமை இரவு எங்களைக் கேட்காமல் புதுத் தளத்துக்கு மாற்றினார்கள். பழைய தளத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் நாங்கள் எழுதி வைத்திருந்த கருத்துகள் வரவில்லை. "ஏன் இங்கே 'கோப்புறை', அங்கே 'அடைவு'" என்று இரண்டு வருடம் பேசி முடிவெடுத்த பேச்சு முழுவதும் போயிற்று. சரங்கள் மட்டும் வந்தன. "மொழிபெயர்ப்பு எல்லாம் பத்திரமாக இருக்கிறதே" என்றார்கள். அதன்பிறகு எங்களில் மூன்று பேர் திரும்பவில்லை.

உங்கள் அகராதியிலும் சொற்களுக்குக் கீழே விவாதம் இருக்கும். அதையும் பேக்கப்பில் சேர்த்திருக்கிறீர்களா?

நள்ளிரவு_ஷிஃப்ட் · திங்கள், இரவு 11:45

அக்கா சொன்னது நான் சொல்லத் தவறியது. 2011இல் லினக்ஸ் கர்னலின் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், ஒரு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. நிரல் பற்றி யாரும் பெரிதாகப் பயப்படவில்லை, ஆயிரக்கணக்கானோரிடம் முழு வரலாறும் பிரதியாக இருந்தது. வழுப் பதிவுக்கும் விவாதத்துக்கும் அப்படிப் பிரதி எடுத்து வைப்பவர் யாரும் இல்லை. அது ஒரே டேட்டாபேஸில் ஒரே இடத்தில் இருக்கும். கிட்ஹப்பில் வைத்தாலும் இதே கதைதான்: ரெப்போ உங்களிடம் இருக்கும், இஷ்யூக்கள் (வழுப் பதிவுகள்) அவர்களிடம் இருக்கும். மாதம் ஒருமுறை ஏபிஐ (ஸ்கிரிப்ட் மூலம் தரவைக் கேட்டு வாங்கும் வசதி) வழியாக இறக்கி வையுங்கள்.

சிக்கனம் · செவ்வாய், காலை 9:30

என் முதல் பதிவில் டொமைனைப் பற்றி நான் பேசவே இல்லை. அது தப்பு என்று படுகிறது.

லிப்ரேஆபிஸ் கதை எல்லாருக்கும் தெரியும்தான். 2010இல் ஓப்பன்ஆபிஸை வளர்த்தவர்கள் பெரும்பாலோர் வெளியே வந்து லிப்ரேஆபிஸைத் தொடங்கியபோது நிரலைக் கொண்டுவர முடிந்தது, பெயரைக் கொண்டுவர முடியவில்லை. பெயர் ஆரக்கிள் நிறுவனத்திடம் இருந்தது. சிஐ மென்பொருளான ஜென்கின்ஸுக்கும் அதேதான், அங்கே சண்டை தொடங்கியதே உள்கட்டமைப்பில். அப்போது அதன் பெயர் ஹட்சன். ரெப்போவும் மடலாடற்குழுவும் இருந்த தளத்தை ஆரக்கிள் வேறு அமைப்புக்கு மாற்றியதில் வேலை நின்றுபோனது. நிரலாளர்கள் கிட்ஹப்புக்கும் கூகுள் குழுவுக்கும் போகலாம் என்றார்கள், பெயர் எங்களுடையது என்றது ஆரக்கிள். 2011 தொடக்கத்தில் வாக்கெடுப்பு நடத்திப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் பெரியவர்கள், புதுப் பெயரோடு பிழைத்துவிட்டார்கள். உங்கள் சொல்திருத்தியின் முகவரி ஒரு ஆசிரியை வகுப்பில் பெரிய திரையில் திறந்து காட்டுவது. அது மாறினால் அந்தப் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள்.

கிட்ஹப்பிலேயே வையுங்கள் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன், அதே போன்ற கோட்பெர்க் ஆனாலும் சரி. ஆனால் மக்கள் பார்க்கிற முகவரி உங்கள் டொமைனாக இருக்கட்டும். கூகுளின் நிரல் சேமிப்புத் தளமான கூகுள் கோடை 2015இல் மூடப்போவதாகச் சொன்னபோது, அந்தத் தளத்தின் முகவரியையே எல்லா இடத்திலும் அச்சிட்டிருந்த திட்டங்கள்தான் அதிகம் தவித்தன.

நள்ளிரவு_ஷிஃப்ட் · செவ்வாய், இரவு 10:20

இதில் முழுதாக உடன்படுகிறேன். இடமாற்றத்தில் தமிழ் போன்ற எழுத்துகளில் உள்ள தளங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேர்ட்பிரஸில் தலைப்பு தமிழில் இருந்தால் முகவரியும் தமிழில் அமையும். உள்ளே அது சதவீதக் குறிகளாக மாறிச் சேமிக்கப்படும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட், சதவீதக் குறியாக மாறினால் ஒன்பது எழுத்து. அதைச் சேமிக்கிற இடம் 200 எழுத்துதான். ஆக 22 குறியீடு வரை உள்ளே போகும், மீதி வெட்டப்படும். 'க்' என்பதே இரண்டு குறியீடு, புள்ளியையும் எண்ண வேண்டும். உங்கள் பதிவுகளில் பாதிக்கு முகவரி நடுவில் அறுந்திருக்கும். நீங்கள் ஹூகோ மாதிரி, டேட்டாபேஸ் இல்லாமல் பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கும் நிலைத் தளத்துக்கு மாறினால் அது கோப்பின் பெயரை வைத்தோ, அமைப்பைப் பொறுத்துத் தலைப்பை முழுதாக எடுத்தோ முகவரி அமைக்கும். பழைய அறுந்த முகவரியோடு பொருந்தாது. வெளியே பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் உடையும். எனவே பழைய டேட்டாபேஸிலிருந்து முகவரிகளை அப்படியே எடுத்து ஒவ்வொன்றுக்கும் நிரந்தரத் திருப்பிவிடல் எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். ஏதாவது சொதப்பினால் ஐந்து நிமிடத்தில் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

சொற்கிடங்கு · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:15

எல்லாருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

டொமைன்கள் மூன்றும் இப்போது ஒரே கணக்கில், 10 வருடத்துக்குக் கட்டியாயிற்று. கணக்கின் மின்னஞ்சல் தனிநபருடையது இல்லை, வேறு டொமைனில் உள்ள பொதுப் பெட்டி, மூன்று பேர் பார்ப்போம். சொல்திருத்தி ஹூகோவுக்கு மாறிவிட்டது. பழைய முகவரிகளைத் திருப்பிவிட ஒரு நாள் போதவில்லை, மூன்று நாள் ஆனது. அறுந்திருந்தவை நான் நினைத்ததைவிட அதிகம். நிறுவனத்தின் சர்வரை சிஐக்கு மட்டும் ஏற்றுக்கொண்டோம். மூன்று மாத முன்னறிவிப்புக்கு அவர்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

நேற்று மாலை நான்கு மணிக்கு, பேக்கப்பை வைத்து அகராதியைப் புது மெஷினில் எழுப்பிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். டேட்டாபேஸ் கோப்பைத் திறந்தால் அளவு பூஜ்யம். ஜனவரியில் நான் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறேன், பேக்கப் ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் ஒரு வெற்றுக் கோப்பு ஒழுங்காகத் தேதி போட்டுச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வீடியோ அழைப்பில் ஏழு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சர்வர் ஓடிக்கொண்டிருந்ததால் உடனே புதிதாக எடுத்து, இரவு பதினொன்றுக்கு இரண்டாவது மெஷினில் அகராதி எழுந்துவிட்டது. சொற்களுக்குக் கீழே உள்ள விவாதங்களும் வந்தன, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். இனி ஸ்கிரிப்ட் கோப்பின் அளவைப் பார்க்கும், நேற்றையதைவிடச் சுருங்கினால் எங்களுக்குச் செய்தி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே போல எழுப்பிப் பார்ப்போம்.

எழுத்துருக்காரன் அண்ணாவின் கேள்விக்கு ஒரு இடம்தான் பாக்கி. சாவிகள் உள்ள கோப்பை எங்கள் குழுவுக்கு வெளியே ஒருவரும் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். சர்வர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்களில் யாரும் பதில் சொல்லாத நாளில் எடுத்துக் கொடுத்தால் போதும். யாராவது முன்வருவீர்களா?

மொழிபெயர்க்கிறவள் · ஞாயிறு, இரவு 8:40

நான் வைத்துக்கொள்கிறேன். எப்படிப் பூட்டி வைப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.